கடையை இழந்த பெயர்

"இது ஆற்ரை கடை, தம்பி?"

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து விம்பிள்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் கேட்ட கேள்வி இது. அன்று வெள்ளிக்கிழமை. எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் பூசை முடித்துக்கொண்டு, நெற்றித் திருநீறு கலையாமல் பிராட்வே வழியாக நடந்து வந்தோம். மாமிக்கு ஒரு குளிர்கோட் வேண்டும். ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த சென்டர் கோர்ட் வணிக வளாகத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். டெபன்ஹாம்ஸ் வாசலில், வாசனைத் திரவியக் கண்ணாடிப் போத்தல்களின் வெளிச்சத்துக்கு முன்னால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அப்படிக் கேட்டார்.

ஊரில் கடை என்றால் அது யாரோ ஒருவருடையது. கல்லாவில் அவர் இருப்பார், அவர் இல்லையென்றால் மகன் இருப்பான். கடன் சொல்லவும், கோபித்துக்கொள்ளவும், செத்தவீட்டுக்குப் போகவும் ஒரு முகம் உண்டு. "டெபன்ஹாம் எண்டு ஒராள் தொடங்கியிருப்பார், மாமி" என்றேன். "அப்ப அவற்றை பிள்ளையளோ இப்ப நடத்தினம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. கோட் வாங்கினோம், மேல்மாடியில் தேநீர் குடித்தோம், வீடு திரும்பினோம்.

அந்தக் கேள்வியின் விடை பிறகுதான் மெல்ல மெல்லக் கிடைத்தது. 1778 தொடக்கம் இன்றுவரை அந்தப் பெயருக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் உடைமைக்காரர். ஒரு மனிதரின் பெயராக இருந்து, குடும்பத்தின் பெயராகி, ஊரூராக மற்றவர் பெயர்களை விழுங்கி, கடைசியில் நிற்க ஒரு வாசல்கூட இல்லாமல் போன பெயர் அது.

*

தொடங்கியவர் டெபன்ஹாம் அல்ல. 1778இல் வில்லியம் கிளார்க் என்பவர் லண்டன் விக்மோர் தெரு 44ஆம் இலக்கத்தில் ஒரு துணிக்கடை போட்டார். யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். விலையுயர்ந்த துணி, தொப்பி, கையுறை, வெயிலுக்குப் பிடிக்கும் சிறு குடை என்று பணக்காரப் பெண்களுக்கானவை அங்கே கிடைத்தன. 1813இல் வில்லியம் டெபன்ஹாம் என்ற இளைஞர் பணம் போட்டுப் பங்காளியானார். அன்றுதான் அந்தப் பெயர் முதன்முதலில் பலகை ஏறியது, அதுவும் இரண்டாவது இடத்தில்: 'கிளார்க் அண்ட் டெபன்ஹாம்'. சில ஆண்டுகளில், செல்வர்கள் மருத்துவக் குளியலுக்குப் போகும் செல்ட்னம் ஊரில் ஒரு கிளை திறந்தார்கள்.

கடையைத் தூக்கி நிறுத்தியவற்றில் ஒன்று சாவு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் துக்கத்துக்குக் கடுமையான உடை ஒழுங்கு இருந்தது. கணவனை இழந்தவள் எத்தனை மாதம் முழுக் கறுப்பு, எப்போதிலிருந்து சாம்பல் நிறம், எந்த உறவுக்கு எந்தத் துணி என்றெல்லாம் விதி. எங்கள் ஊரில் வெள்ளையைக் கொடுத்து ஒரு பெண்ணை ஒதுக்கி வைத்தது போல இங்கே கறுப்பு. ஒரு குடும்பத்தில் ஒருவர் இறந்தால் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் உடனடியாகப் புது உடுப்பு வேண்டும், விலை பேசவும் நேரமிராது. அந்த வியாபாரத்தில் டெபன்ஹாம் கடை செழித்தது.

1851இல் கிளெமென்ட் ஃப்ரீபொடி சேர, பெயர் 'டெபன்ஹாம், சன் அண்ட் ஃப்ரீபொடி' ஆயிற்று. 1905இல் அது நிறுவனமாகப் பதிவானது. பின் விக்மோர் தெருவில் வெள்ளை ஓடு பதித்த மாளிகை போன்ற கடை எழுந்தது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதே ஆண்டுகளில் குடும்பத்து வாரிசு எர்னெஸ்ட் டெபன்ஹாம், கென்சிங்டனில் ஹால்சி ரிக்கார்டோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஒரு வீடு கட்டுவித்தார். வெளிச்சுவர் முழுக்க நீலமும் பச்சையுமாய் மெருகேற்றிய ஓடுகள். நிலக்கரிப் புகை படிந்தாலும் மழை கழுவிவிடும் என்பது ரிக்கார்டோவின் எண்ணம். மயில் வீடு என்று பெயர் பெற்ற அந்த வீட்டைத் தெருவில் நின்று பார்க்கும்போதெல்லாம், மாமியின் கேள்விக்கு நேரான பதில் இருந்த கடைசிக் காலம் அதுதான் என்று தோன்றும். கடை டெபன்ஹாமுடையது. அவருடைய வீடு இது. போய்க் கதவைத் தட்டலாம்.

1919இல் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவின் பெரிய கடையான மார்ஷல் அண்ட் ஸ்னெல்குரோவோடு இணைப்பு. 1920இல் நைட்ஸ்பிரிட்ஜின் ஹார்வி நிக்கல்ஸையும் வாங்கினார்கள். 1927இல் டெபன்ஹாம் குடும்பம் வெளியேறியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, அந்தப் பெயரோடு ஓடிய கடைக்கும் அந்தப் பெயர்கொண்ட மனிதர்களுக்கும் தொடர்பில்லை.

*

பெயர் அதன் பிறகுதான் உண்மையில் வளர்ந்தது. 1950இல் 84 நிறுவனங்களும் 110 கடைகளும் அதன் கீழ் இருந்தன. நாட்டிலேயே பெரிய பல்பொருள் அங்காடிக் குழுமம் அதுதான். ஆனால் அந்த 110 வாசல்களில் பெரும்பாலானவற்றில் டெபன்ஹாம்ஸ் என்று எழுதியிருக்கவில்லை. பிளிமத்தில் ஸ்பூனர்ஸ், இப்ஸ்விச்சில் ஃபுட்மன்ஸ், மான்செஸ்டரில் போல்டன்ஸ். விம்பிள்டனிலிருந்து டிராம் ஏறிப் போகும் குரொய்டனில் கென்னர்ட்ஸ். குரொய்டன்காரர் அதைத் தங்கள் ஊர்க் கடை என்றே நினைத்தார்கள். கொள்முதலும் நெடுங்காலம் அந்தந்தக் கடையின் பொறுப்பில்தான் இருந்தது. கடற்கரை ஊருக்கு என்ன விற்கும், தொழிற்சாலை ஊருக்கு என்ன விற்கும் என்பது அங்கே நிற்பவருக்குத் தெரியும்.

1960களில் கொள்முதலைத் தலைமையகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1973இல் பலகைகளையும் மாற்றினார்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லா ஊரிலும் டெபன்ஹாம்ஸ். கென்னர்ட்ஸ் என்ற பெயர் குரொய்டனிலிருந்து இறங்கியது அந்த ஆண்டுதான்.

இதை நான் வெறும் பலகை மாற்றமாகப் பார்க்கவில்லை. ஒரே பெயர், ஒரே விளம்பரம், ஒரே சரக்கு என்றால் செலவு மிச்சம் என்பது உண்மை. தொலைக்காட்சி விளம்பரக் காலத்தில் இத்தனை பெயரை யார் விளம்பரப்படுத்துவது? ஆனால் அதோடு வேறொன்றும் நடந்தது. நூறு ஊர்களில் நூறு வேர் விட்டிருந்த மரங்களை ஒரே அடிமரமாக்கினார்கள். அடிமரத்தில் கை வைத்தால் எல்லாக் கிளையும் சேர்ந்து விழும்.

1985இல் பர்ட்டன் குழுமம் ஏறக்குறைய 55 கோடி பவுண்டு கொடுத்து டெபன்ஹாம்ஸை வாங்கியது. இந்தத் தொகையை நினைவில் வைத்திருங்கள். 1993இல் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெரிய வடிவமைப்பாளர்களைக் கொண்டு நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் உடுப்பு செய்வித்தார்கள். தொப்பிக் கலைஞர் ஃபிலிப் ட்ரேசி, பிறகு ஜாஸ்பர் கொன்ரான், ஜோன் ரோஷா என்று ஒரு வரிசை. கலியாணத்துக்குப் போகிற தாய்மாருக்குத் தொப்பி, அலுவலகத்துக்கு முதல்நாள் போகிற பிள்ளைக்கு நல்ல தையலில் ஒரு கோட். 1998இல் பர்ட்டனிலிருந்து பிரிந்து தனி நிறுவனமாகப் பங்குச் சந்தைக்கு வந்தபோது கடை நல்ல நிலையில்தான் இருந்தது.

*

இனி வருவதை நான் மெதுவாகச் சொல்ல வேண்டும். டெபன்ஹாம்ஸ் ஏன் மூடியது என்று யாரைக் கேட்டாலும் 'ஒன்லைன்' என்பார்கள், அல்லது 'கோவிட்' என்பார்கள். இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரண்டும் பின்னால் வந்தவை.

2003இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள், சிவிசி, டெக்சஸ் பசிஃபிக், மெரில் லிஞ்ச், ஒன்றுசேர்ந்து ஏறக்குறைய 170 கோடி பவுண்டுக்கு டெபன்ஹாம்ஸை வாங்கின. அதில் அவர்கள் கைப்பணம் 60 கோடி அளவு. மீதி கடன். அந்தக் கடனைச் சுமந்தது வாங்கியவர்கள் அல்ல, வாங்கப்பட்ட கடை. இப்படி வாங்குவது சட்டப்படி சரியானது, உலகமெங்கும் நடப்பது. எங்கள் கணக்கில் சொன்னால், மாப்பிள்ளை வீட்டார் கடன் வாங்கிச் சீர் செய்துவிட்டு, அந்தக் கடனைப் பெண்ணின் தலையில் எழுதிவைப்பது போல.

2005இல் 23 கடைகளின் கட்டடங்களை பிரிட்டிஷ் லேண்ட் என்ற நில நிறுவனத்துக்கு 49.5 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். விற்ற கையோடு அதே கட்டடங்களை முப்பது ஆண்டுக்கும் மேலான நீண்ட குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நேற்றுவரை சொந்த வீட்டில் இருந்த கடை இன்றிலிருந்து வாடகைக் குடி. மூன்று ஆண்டுக்குள் அந்த மூன்று நிறுவனங்களும் பங்காதாயமாக எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 120 கோடி பவுண்டு. போட்டது போல இரண்டு மடங்கு. 2006இல் கடையைத் திரும்பவும் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 195 பென்ஸ் என்று விற்றுவிட்டு அவர்கள் விலகத் தொடங்கியபோது, கடையின் கணக்கில் 100 கோடிக்கும் மேலான கடன் நின்றது.

வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பஞ்சத்திலும் கைவைக்காமல் காப்பாற்றுவது விதைநெல்லை. நல்ல விளைச்சல் ஆண்டில் யாராவது விதைநெல்லை அள்ளி விற்றால் அந்த ஆண்டு கணக்கில் லாபம் கூடத் தெரியும். அடுத்த மாரிக்குத்தான் தெரியவரும்.

அடுத்த மாரி வந்தது. துணிக்கடை வியாபாரம் ஏறி இறங்கும் வியாபாரம். சொந்தக் கட்டடம் இருந்தால் இறங்குகிற ஆண்டில் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கலாம். வாடகையும் வட்டியும் மூச்சடக்க விடாது. கடைக்கு வெள்ளையடிக்கப் பணமில்லை, இணையத்துக்கு வேண்டிய கிடங்குக்கும் மென்பொருளுக்கும் போதிய பணமில்லை. உடனே பணம் வருகிற ஒரே வழி விலைக்குறைப்பு. 'புளூ கிராஸ் சேல்' என்ற நீலச் சிலுவைக் கழிவு விற்பனை ஒரு காலத்தில் விசேஷ நாளாக இருந்தது. பிறகு ஏதாவது ஒரு கழிவு எப்போதும் இருந்தது. மாமிக்கே அது பழகிவிட்டது. "இப்ப வாங்காதை, ரண்டு கிழமையிலை பாதி விலைக்குப் போடுவாங்கள்" என்பார். பாதி விலைக்கு விற்கும் என்று ஊருக்கே தெரிந்த கடையில் முழு விலை கொடுப்பவர் யார்?

பல்பொருள் அங்காடி ஒரு யந்திரம் போல வேலை செய்வது. கீழ்த்தளத்தில் அழகுப்பொருள், ஏனென்றால் அதில் லாபம் கூட, வெளிச்சமும் வாசனையும் உள்ளே இழுக்கும். பெண்களின் உடுப்பு, ஆண்களின் உடுப்பு, பிள்ளைகளின் உடுப்பு, சட்டி பானை, படுக்கை விரிப்பு என்று தளம் தளமாக ஏற்றி, உச்சியில் தேநீர்ச்சாலை. தேநீருக்கு மேலே போகிறவர் இறங்கும்போது ஒரு தலையணை உறையாவது வாங்குவார். கீழ்த்தளத்து அழகுப்பொருளைத் தனிச் சங்கிலிக் கடைகள் பிடித்துக்கொண்டன, பிள்ளைகளின் உடுப்பை பிரைமார்க், சட்டி பானையை இணையம். தளம் தளமாக யந்திரம் நின்றது. ஆனால் குத்தகை எல்லாத் தளத்துக்கும்.

2016இல் அமேசானின் ஐரோப்பிய நவநாகரிகப் பிரிவிலிருந்து செர்ஜியோ புக்கர் என்பவரைத் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார்கள். கடைக்குள் உடற்பயிற்சிக் கூடம், புது உணவகம் என்று முயன்றார். நேரம் கடந்திருந்தது. 2018இல், கடனுக்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரிகளுக்குக் காப்புறுதி வழங்கும் நிறுவனங்கள் டெபன்ஹாம்ஸுக்கான காப்புறுதியைக் குறைத்தன. வியாபாரத்தில் இதைவிடப் பெரிய சாவுமணி இல்லை. சரக்குக்காரர் முன்பணம் கேட்பார். கல்லாவில் இருக்கும் பணம் நேற்றைய சரக்குக்கும் நாளைய சரக்குக்கும் ஒரே நாளில் போய்விடும். அந்த ஆண்டு காட்டிய நட்டம் 49 கோடி பவுண்டு. ஐம்பது கடைகளை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2019 ஏப்ரலில் திவால் நிர்வாகத்தின் வழியாக நிறுவனம் கடன்கொடுத்தவர் கைக்குப் போனபோது, 195 பென்ஸுக்குச் சந்தைக்கு வந்த பங்கு 2 பென்ஸும் பெறவில்லை.

*

மூடும் முதல் 22 கடைகளின் பட்டியலில் விம்பிள்டன் இருந்தது. கேன்டர்பரி, கில்ட்ஃபோர்ட், ஸ்லௌ, வொண்ட்ஸ்வொர்த் ஆகியவையும் இருந்தன. 2020 ஜனவரியில் மூடினார்கள். பிரித்தானியாவில் முதல் கோவிட் தொற்று அறிவிக்கப்பட்டது அதே ஜனவரி 31இல். ஆகவே விம்பிள்டன் கடையைக் கொன்றது கோவிட் என்று யாரும் சொன்னால் நான் திருத்துவேன்.

கடைசி வாரங்களில் ஒருநாள் போயிருந்தேன். உடுப்பு தீர்ந்து, உடுப்புத் தொங்கிய கம்பிகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அழகுப்பொருள் பகுதியில் வெறும் கண்ணாடிப் பெட்டிகள். பல ஆண்டுகள் அங்கே நின்ற ஒரு பெண் வாடிக்கையாளர் ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தேன்.

மாமியிடம் சொன்னேன். கட்டடங்களை விற்ற கதையையும் சொன்னேன். விம்பிள்டன் கடை வணிக வளாகத்துக்குள் இருந்தது, நிலம் வளாகக்காரருடையது, ஆனால் சொந்த நிலத்தில் நின்ற கடைகளுக்கும் இதுதான் நடந்தது என்றேன். மாமி கொஞ்சநேரம் பேசவில்லை. இரண்டு முறை இடம்பெயர்ந்து, காணி உறுதியை மட்டும் பொலித்தீன் உறையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் அவர். "சொந்தக் காணியை வித்துப்போட்டு அதிலையே வாடகைக்கு இருந்தவையோ?" என்று கேட்டார்.

மீதிக் கதை வேகமாக முடிந்தது. 2020 ஏப்ரலில் இரண்டாம் முறை திவால் நிர்வாகம். அயர்லாந்தின் 11 கடைகளும் அப்போதே கைவிடப்பட்டன. அங்கே வேலை செய்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்களுக்குச் சேரவேண்டிய பணத்துக்காகக் கடை வாசல்களில் 400 நாட்களுக்கு மேல் மறியல் இருந்து, சரக்கு லாரிகளை வழிமறித்தார்கள். இந்தப் பெயரின் கதையில் அதற்குக் கடைசியாக விசுவாசமாக இருந்தவர்கள் அவர்கள்தான் என்பேன். அந்தக் கடை தங்களுடையது என்பது போல வாசலில் நின்றார்கள். 2020 டிசம்பர் 1ஆம் தேதி, வாங்க வந்த ஜேடி ஸ்போர்ட்ஸ் பின்வாங்கியதும், மிஞ்சியிருந்த 124 கடைகளையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது. 12,000 பேரின் வேலை. 2021 மே 15இல் கடைசிக் கதவுகளும் சாத்தப்பட்டன. கிளார்க்கின் துணிக்கடைக்கு 243 வயது.

அதற்கு நான்கு மாதம் முன்பே பெயரை விற்றிருந்தார்கள். இணையத்தில் மட்டும் உடுப்பு விற்கும் பூஹூ என்ற நிறுவனம் 5.5 கோடி பவுண்டுக்குப் பெயரையும் இணையதளத்தையும் வாங்கியது. கடைகள் வேண்டாம், ஆட்கள் வேண்டாம். 1985இல் கடையும் கட்டடமும் ஆளும் சேர்த்துக் கொடுத்த விலையில் ஏறக்குறையப் பத்தில் ஒன்று. 2025 மார்ச்சில் பூஹூ குழுமம் தன் பெயரையே டெபன்ஹாம்ஸ் குழுமம் என்று மாற்றிக்கொண்டது. ஒரு காலத்தில் கென்னர்ட்ஸையும் ஸ்பூனர்ஸையும் விழுங்கிய பெயர் தன்னை வாங்கியவரையும் விழுங்கிவிட்டது. கல்லா இல்லை, மின்படி இல்லை, தேநீர்ச்சாலை இல்லை.

சென்டர் கோர்ட் வளாகமும் இப்போது விம்பிள்டன் குவார்ட்டர் என்ற புதுப் பெயரில் இருக்கிறது. பழைய நகர மண்டபத்தின் கல்முகப்பு மட்டும் அப்படியே.

*

ரயில் நிலைய வாசலிலிருந்து எதிர்த்திசையில், மலையேறும் பக்கமாக நடந்தால் முக்கில் ஈலிஸ் என்ற பல்பொருள் அங்காடி நிற்கிறது. 1876இல் ஜோசஃப் ஈலி தொடங்கியது. அதுவும் இப்போது ஈலி குடும்பத்துடையதல்ல. மோர்லீஸ் என்ற குழுமத்துடையது. ஆனால் அந்தக் குழுமம் வாங்கிய கடைகளின் பெயரைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. விம்பிள்டனில் ஈலிஸ், என்ஃபீல்டில் பியர்சன்ஸ், நியூபரியில் காம்ப் ஹொப்சன். டெபன்ஹாம்ஸ் 1973இல் தொடாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் கண்முன் சாட்சி. ஈலிஸுக்கும் இணையம் வந்தது, கோவிட் வந்தது. பக்கத்துப் பெரிய கடை போனபின்னும் அது திறந்திருக்கிறது.

போன மார்கழியில் மாமியை அங்கே கூட்டிப்போனேன். டெபன்ஹாம்ஸ் கோட்டின் உள்துணி கிழிந்து, தைத்துத் தைத்து இனித் தைக்க இடமில்லை. மாமிக்கு இப்போது ஊன்றுகோல் வேண்டும். வாசலில் வாசனைத் திரவியப் போத்தல்களுக்கு முன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இது ஆற்ரை கடை, தம்பி?"

இந்தமுறை எனக்குப் பதில் தெரியும். ஈலி என்ற மனிதரைப் பற்றிச் சொன்னேன், வாங்கியவர்கள் பெயரை மாற்றாமல் விட்டதைச் சொன்னேன். மாமி தலையாட்டிக் கேட்டார். பிறகு ஊன்றுகோலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"கட்டிடமும் அவையின்ரையோ?"